அட்டை நமது, ஆணை யாருடையது?

சித்தூர் வட்டாரத்திலிருந்து படிக்க வந்திருக்கும் நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். தோட்டத்து மோட்டார் எரிந்துவிட்டால் வீட்டில் என்ன செய்வார்கள் என்பதை நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். மோட்டாரை மேலே தூக்கி, வண்டியில் ஏற்றி, காயில் கட்டும் பட்டறையில் கொண்டுபோய் இறக்குவார்கள். பட்டறைக்காரர் அதைத் திறப்பார். எரிந்த கம்பியை எடுப்பார். புதுக் கம்பி சுற்றுவார். "கரண்ட் குறைவாக வருகிற இடம் அண்ணா, அதற்குத் தக்கபடி பார்த்துக் கட்டுங்கள்" என்று சொன்னால் அப்படியே கட்டித் தருவார். "இதைத் திறக்க உமக்கு உரிமை கொடுத்தது யார்?" என்று எந்தக் கம்பெனியும் ஓடி வந்து கேட்டதில்லை. பணம் கொடுத்து வாங்கியவன் உடையவன். கெட்டால் அவனுக்கு நட்டம், ஓடினால் அவனுக்கு ஆதாயம். இதுதான் நாமறிந்த நியாயம்.

அந்த நியாயம் ஒரு கணிப்பொறியின் வரைகலை அட்டைக்கு மட்டும் பொருந்தாதா? இதுவே என் கேள்வி.

விடுதியில் இன்று இந்த அட்டையைப் பற்றிப் பேசாத அறை இல்லை. சிலருக்கு அது விளையாட்டுக் கருவி. சிலருக்குப் படத்தொகுப்புக் கருவி. செயற்கை நுண்ணறிவு பயில்வோருக்கோ அதுவே ஆய்வுக்கூடம். அந்த அட்டையில் ஒரு சிறு நினைவகச் சில்லு உண்டு. எட்டுக் கால்களுடன் எறும்பு போல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் எழுதப்பட்டிருக்கும் நிரலைத்தான் நிலைபொருள் என்கிறோம். கடைத்தெருவில் பயாஸ் என்பார்கள். அட்டையின் மூளை வினாடிக்கு எத்தனை கோடி முறை துடிக்கலாம், எத்தனை வோல்ட் வாங்கலாம், எத்தனை வாட் வரை போகலாம், விசிறி எந்தச் சூட்டில் சுழலத் தொடங்க வேண்டும் என்பன எல்லாம் அங்கே எழுதப்பட்டுள்ளன. அட்டையின் தலையெழுத்து அது. அந்தத் தலையெழுத்தை அழித்து வேறொன்றை எழுதுவதுதான் பிளாஷ் செய்தல். அவ்வாறு எழுதித் துடிப்பை உயர்த்தினால் அது ஓவர்கிளாக்கிங்.

இதை விளையாட்டுப் பிள்ளைகளின் குறும்பு என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் வரலாற்றைச் சற்றே பார்க்கட்டும். 2010 டிசம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம் ரேடியான் 6950, 6970 என்று இரண்டு அட்டைகளை வெளியிட்டது. இரண்டிலும் இருந்தது ஒரே வகைச் சில்லு. விலை உயர்ந்ததில் 1536 கணக்கிடும் சிற்றலகுகள் வேலை செய்தன. விலை குறைந்ததில் 1408. மீதி 128 எங்கே போயின? எங்கும் போகவில்லை; அடைத்து வைக்கப்பட்டிருந்தன. 6970இன் நிலைபொருளை 6950இல் எழுதியபோது பல அட்டைகளில் கதவு திறந்துகொண்டது. 2017இல் வேகா 56 அட்டைக்கு வேகா 64இன் நிலைபொருளை எழுதினார்கள். நினைவகத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் கிடைத்தது, வேகம் ஏறியது. ஒரே அடுப்பில் வெந்த சோற்றை இரண்டு இலையில் பரிமாறி இரண்டு விலை சொன்ன கதை இது.

"அடைத்து வைத்த அலகு பழுதானதாக இருக்கலாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சில்லு வார்க்கும்போது சில பகுதிகள் தேறாமல் போவதுண்டு. அவற்றை அடைத்து, குறைந்த விலைக்கு விற்பதில் தவறே இல்லை. ஆனால் தேறாதது எது, தேறியும் அடைத்தது எது என்பது வாங்குபவனுக்குச் சொல்லப்படுவதில்லை. அங்குதான் உறுத்துகிறது.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். 2020 ஜனவரியில் ஆர்.எக்ஸ். 5600 எக்ஸ்.டி. என்ற அட்டை வெளிவரும் நேரம், போட்டி நிறுவனமான என்விடியா தன் அட்டை ஒன்றின் விலையைக் குறைத்தது. ஏ.எம்.டி. என்ன செய்தது? கடைசி நேரத்தில் வேகத்தை உயர்த்திய புதிய நிலைபொருளை வெளியிட்டது! அதற்குள் அட்டைகள் கடைகளுக்குப் போய்விட்டன. பழைய நிலைபொருளோடு வாங்கியவர்கள் தாங்களே பிளாஷ் செய்துகொள்ள நேர்ந்தது. நாம் செய்தால் ஆபத்து, அத்துமீறல். அவர்கள் சந்தைக்குத் தேவைப்பட்டால் அதே செயல் முன்னேற்றம். நியாயத்தின் தராசு இப்படியும் சாய்வதுண்டா?

என்விடியாவின் வழி வேறு. 2014க்குப் பின் வந்த அதன் அட்டைகளில் நிலைபொருளுக்கு மறைகுறிக் கையொப்பம் இடும் வழக்கம் வலுத்தது. கம்பெனியின் கையொப்பம் இல்லாத எழுத்தை அட்டை ஏற்காது. 2015 வாக்கில் மடிக்கணினி அட்டைகளின் ஓவர்கிளாக்கிங் வசதியை ஒரு டிரைவர் புதுப்பிப்பின் வழியாக அது மூடியது. வாங்கியபோது இருந்த வசதி, ஒரு நாள் காலையில் இல்லை. வாங்கியவர்கள் கூக்குரல் எழுப்பினார்கள். கம்பெனி பணிந்து, வசதியைத் திருப்பித் தந்தது. பேசியவருக்குக் கிடைத்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

பூட்டுக்கு எப்போதுமே நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 பிப்ரவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டையில், எத்தீரியம் என்னும் மறையீட்டு நாணயத்தைத் தோண்டும் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பூட்டு இருந்தது. நாணயம் தோண்டுவோர் அட்டைகளை அள்ளிக்கொண்டு போக, மாணவர்கள் வெறுங்கையோடு நின்ற காலம் அது. அந்தப் பூட்டின் நோக்கத்தைப் பலர் வரவேற்றார்கள். அடுத்த மாதமே கம்பெனியின் சோதனை டிரைவர் ஒன்று தவறுதலாக அதைத் திறந்துவிட்டது தனிக்கதை. அது வெளிப்படையாக அறிவித்துப் பூட்டிய பூட்டு. நான் எதிர்ப்பது சொல்லாமல் பூட்டுவதையும், விற்ற பின் பூட்டுவதையும்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திறந்த கதவின் வழியே திருடனும் வருவான். பழைய, மலிந்த சில்லு ஒன்றின் நிலைபொருளைத் திருத்தி, புதிய அட்டையின் பெயரைக் காட்டச் செய்து விற்கும் மோசடி உலகெங்கும் நடந்தது. 2018இல் ஜி.பி.யூ.-இசட் என்னும் கருவி, போலி அட்டைகளைக் கண்டு எச்சரிக்கும் வசதியையே சேர்க்க வேண்டியதாயிற்று.

இதில் எனக்கும் ஒரு பாடம் உண்டு. நானும் அறைத் தோழனும் பணம் சேர்த்துப் பழைய அட்டை ஒன்றை வாங்கினோம். விற்றவர் நல்ல பேச்சுக்காரர். "சும்மா கிடந்த அட்டை தம்பி" என்றார். கொண்டுவந்து மாட்டினால் டிரைவர் அட்டையை ஏற்க மறுத்தது. நினைவகத்தை விரட்டி நாணயம் தோண்டுவதற்காக யாரோ நிலைபொருளைத் திருத்தி எழுதியிருந்தார்கள். இரண்டு மாத மெஸ் பணம் கண் முன்னே கரைந்தது போல் இருந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து படித்து, அதே அட்டைக்குரிய அசல் நிலைபொருளைத் தேடி எடுத்து, நடுங்கும் கையோடு எழுதினோம். அட்டை உயிர் பெற்றது. கெட்டதும் எழுத்தால், பிழைத்ததும் எழுத்தால்! அட்டை முழுவதும் பூட்டப்பட்டிருந்தால் அந்த மோசடி நடந்திராது என்பார்கள். உண்மை. ஆனால் கத்தி வெட்டும் என்பதற்காகக் காய் நறுக்குவதை நிறுத்துவதில்லை. பொய் சொல்லி விற்றவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. படிக்க நினைப்பவனைத் தண்டிக்கப் பூட்டு வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், முறையாகப் பெற்ற நிரல் எவ்வாறு இயங்குகிறது என்பதை உற்றுநோக்கி ஆராய 52ஆம் பிரிவில் இடம் தருகிறது. 2012இல் சேர்ந்த 65அ பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. கற்கும் எண்ணத்தை அன்று. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தது. அதன் முதல் பட்டியலில் கைப்பேசியோடு வேளாண் கருவியும் இடம் பெற்றது. நம் ஊர்ப் பட்டறைக்காரரின் நியாயம் தில்லி வரை போயிருக்கிறது என்று மகிழலாம்.

கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்ததே என்று சிலர் நினைவூட்டுவர். வண்டி ஓடுவது பொதுச் சாலையில். அது தடுமாறினால் பிறர் உயிர் போகும். அட்டை இருப்பது என் மேசையில். அது கருகினால் என் பணம் போகும். இரண்டையும் ஒரே கோலால் அளப்பது எங்ஙனம் பொருந்தும்?

உரிமை பேசிய வாயால் கடமையும் பேச வேண்டும். நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். 2024 ஏப்ரலில் இங்கே வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவித்ததை நாம் வியர்வையால் அறிவோம். குளிர்நாட்டு இளைஞன் செய்வதை அப்படியே இங்கே செய்தால் அட்டை அடுப்பாகும். கணக்கு எளிது: சில்லு தின்னும் மின்சாரம், துடிப்போடு நேராகவும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறும். இரண்டையும் பத்து விழுக்காடு உயர்த்தினால் மின்செலவு ஏறத்தாழ 33 விழுக்காடு உயரும். சூடும் அந்த அளவுக்குத்தான். ஆட்டத்தில் கிடைப்பதோ சில படச்சட்டங்கள். ஆகையால் இந்த ஊருக்கு ஏற்ற கலை, ஏற்றுவதைவிட இறக்குவதே. துடிப்பைப் பெரிதும் குறைக்காமல் மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்தால், அட்டை குளிரும், விசிறி அடங்கும், மின்கட்டணமும் குறையும். பெரும்பாலும் இதற்கு நிலைபொருளைத் தொடவே வேண்டியதில்லை. டிரைவர் வழியாகவே முடியும். பட்டறைக்காரர் ஊரின் மின்னழுத்தத்துக்கு ஏற்பக் காயில் கட்டினார் அல்லவா? நாமும் ஊரின் வெயிலுக்கு ஏற்ப அட்டையைக் கட்டுவோம்.

பிளாஷ் செய்தே தீர வேண்டும் என்பவர், முதலில் இருக்கும் நிலைபொருளை நகலெடுத்து வேறோர் இடத்தில் வைக்கட்டும். ஒரே பெயருள்ள அட்டையிலும் நினைவகச் சில்லு வேறுபடும், அதைப் பார்க்கட்டும். எழுதும்போது மின்சாரம் போனால் அட்டை ஊமையாகும், யூ.பி.எஸ். இல்லாமல் தொடாதிருக்கட்டும். கருகினால் உத்தரவாதம் கேட்டுக் கடையில் பொய் சொல்லாதிருக்கட்டும். விற்கும்போது மாற்றியதை மறைக்காதிருக்கட்டும். உடையவன் என்ற பெருமையின் விலை அது.

கம்பெனிகளிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு நிலைபொருள் வைத்து, ஒன்று கெட்டால் மற்றொன்றுக்கு மாற ஒரு சிறு சுவிட்ச் தாருங்கள். 6950இல் அது இருந்தது. அசல் நிலைபொருளை எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள். எதைப் பூட்டியிருக்கிறீர்கள், ஏன் பூட்டினீர்கள் என்று பெட்டியின் மேல் எழுதுங்கள். விற்ற பின் வசதியைப் பறிக்காதீர்கள்.

நம் மன்றத்திடமும் ஒன்று கேட்கிறேன். இந்தச் செய்திகளை விளக்கும் கையேடு ஒன்று நல்ல தமிழில் வர வேண்டும். எல்லைப்புறத்தில் தமிழைக் காப்பது என்பது பழம்பெருமை பேசுவது மட்டுமன்று. புதிய பொருளைத் தமிழில் பிரித்துப் போட்டுப் பார்க்கும் துணிவும் அதில் அடங்கும். ஆண்டு விழாவில் ஒரு மேசை ஒதுக்குங்கள். செத்துப்போன பழைய அட்டை இரண்டு கொண்டு வருகிறேன். காயில் கட்டும் அண்ணன் ஒருவரையும் அழைப்போம். அவர் தம் தொழிலைச் சொல்லட்டும். நாம் நம் அட்டையைத் திறப்போம்.