இயன்றவரை என்னும் சொல்

சட்டப் புத்தகங்களைப் புரட்டினால் அபராதத் தொகையையும் தண்டனைக் காலத்தையும் தேடிப் படிக்கும் வழக்கமுள்ள நாம், அவற்றின் இடுக்குகளில் அடக்கமாக அமர்ந்திருக்கும் சிறு சொற்களை அநேகமாகக் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு சட்டம் யாருக்காக இயற்றப்பட்டதோ அவர்களுக்கு அது பிரயோஜனப்படுமா என்பதைப் பல சமயங்களில் அந்தச் சிறு சொற்களே நிர்ணயித்துவிடுகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 60ஆவது பிரிவில் அப்படி ஒரு சொல் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சம்பந்தமான கொள்கைகளிலும் திட்டங்களிலும் மத்திய சர்க்காருக்கு யோசனை கூறுவதற்கென அப்பிரிவு அமைக்கும் மத்திய ஆலோசனை வாரியத்தில், தொண்டு நிறுவனங்களின் சார்பிலும் மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் சார்பிலும் நியமிக்கப்பட வேண்டிய 10 பேர், 'இயன்றவரை' மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டுமாம். அந்தப் 10 பேரில் குறைந்தது ஐவர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதற்கு 'இயன்றவரை' இல்லை. தாழ்த்தப்பட்டோரில் ஒருவரும் பழங்குடியினரில் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பதற்கும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான சபையில் மாற்றுத்திறனாளிகள் இருக்க வேண்டும் என்ற ஒன்றைச் சொல்லும்போதுதான் சட்டத்தின் நாக்கு தயங்குகிறது.

இந்தத் தயக்கம் புதிதும் அன்று. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் அமைத்த மத்திய ஒருங்கிணைப்புக் குழுவில் இவ்வகைப் பிரதிநிதிகளுக்கு 5 இடங்கள் இருந்தன. அங்கும் இதே சொல்தான். இடைப்பட்ட 21 ஆண்டுகளில் சட்டம் அங்கீகரித்த ஊனங்கள் 7 வகையிலிருந்து 21 வகையாக விரிந்தன, சர்க்கார் உத்தியோகங்களில் ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாயிற்று, 5 இடம் 10 ஆயிற்று. 'இயன்றவரை' மட்டும் வீட்டோடு வந்த பழைய பெட்டியைப்போல இடம் மாறாமல் இருந்துவிட்டது. இதற்கிடையில் 2007 அக்டோபர் 1 அன்று நமது தேசம் ஊர்ஜிதம் செய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையோ, தன் 4ஆவது ஷரத்தின் 3ஆவது உட்பிரிவில், மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் சட்டங்களையும் கொள்கைகளையும் வகுக்கும்போது அவர்களுடைய பிரதிநிதி ஸ்தாபனங்களோடு நெருங்கிக் கலந்தாலோசித்து அவர்களைத் தீவிரமாகப் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்று அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது.

வாரியத்தின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். துறையின் மத்திய அமைச்சர் தலைவர். ராஜாங்க அமைச்சர் உபதலைவர். பாராளுமன்ற உறுப்பினர் மூவர். எல்லா மாநிலங்களிலும் இத்துறையைக் கவனிக்கும் அமைச்சர்கள். பல மத்திய இலாகாக்களின் செயலாளர்கள். ரயில்வே போர்டின் தலைவர். தேசிய நிறுவனங்களின் இயக்குநர்கள். மாநில அமைச்சர்கள் மட்டுமே 28 பேர் என்னும்போது, அத்தனை நாற்காலிகளுக்கு நடுவே அந்தப் 10 நாற்காலிகள் எங்கே போடப்பட்டிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். செயலாளர்களும் அமைச்சர்களும் வரக்கூடாது என்பது நம் வாதம் அன்று. ரயில் பெட்டியின் படியைத் தாழ்த்த வேண்டுமானால் அதைத் தாழ்த்தும் அதிகாரமுள்ளவர் எதிரில் இருப்பது நல்லதுதான். ஆனால் யோசனை கேட்பவர்களின் தொகை யோசனை சொல்பவர்களின் தொகையைவிடப் பன்மடங்கு பெருகிவிட்ட சபை, தேநீரும் முந்திரிப்பருப்பும் பரிமாறப்பட்டு, தலைவரின் உரையோடு தொடங்கி நன்றியுரையோடு முடிவடையும் ஒரு வைபவமாக மாறிவிடுவதற்கு வெகு காலம் ஆகாது.

எனினும், எண்ணிக்கையைக் காட்டிலும் பெரிய குறை வேறொன்று இருக்கிறது. இத்தலையங்கத்தின் நோக்கமும் அதுவே. இச்சட்டத்தின் 65ஆவது பிரிவு வாரியத்துக்கு விரிந்த கடமைகளை விதிக்கிறது: தேசியக் கொள்கையை உருவாக்குவது, எல்லா இலாகாக்களின் பணிகளையும் பரிசீலித்து இணைப்பது, சட்டங்களும் திட்டங்களும் விளைத்த பலனைக் கண்காணித்து மதிப்பிடுவது என்று அப்பட்டியல் நீள்கிறது. 64ஆவது பிரிவு 6 மாதங்களுக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும் என்கிறது. ஆனால் அப்படிக் கூடி, மதிப்பிட்டு, ஒரு யோசனையை அது சர்க்காரிடம் சமர்ப்பித்தால், சர்க்கார் அதற்கு விடை சொல்ல வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. நடவடிக்கைக் குறிப்புகளைப் பொதுஜனங்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. விசித்திரம் என்னவென்றால், இதே சட்டத்தின் 76ஆவது பிரிவின்படி, மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் ஓர் அதிகாரிக்குச் சிபாரிசு செய்தால், அவ்வதிகாரி தகுந்த நடவடிக்கை எடுத்து 3 மாதத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லையென்றால் ஏற்காததன் காரணத்தை அதே காலத்துக்குள் எழுத வேண்டும். தனி மனிதர் ஒருவருக்கு நேர்ந்த அநீதியைப் பற்றிய சிபாரிசுக்கு மறுமொழி கட்டாயம். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி 2 கோடியே 68 லட்சம் பேருடைய வாழ்க்கையைத் தொடும் திட்டங்களைப் பற்றிய யோசனைக்கு மௌனமே போதும் என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? 76ஆவது பிரிவின் அந்தக் கடமையை 65ஆவது பிரிவுக்கும் விஸ்தரிக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

யோசனையைப் பொருட்படுத்தும் கடமை எத்தகைய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைச் சற்று நோக்கலாம். அங்கே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தோடு ஒரு சுயேச்சை ஆலோசனைக் குழுவும் பிறந்தது. குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட ரோண்டா கால்பலி அம்மையார் அதன் முதல் தலைமை உறுப்பினராக இருந்தார். இன்று அதன் உறுப்பினரில் பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகள். அவர்களைப் பராமரிக்கும் உறவினர்களுக்கும் அதில் இடமுண்டு. திட்டத்தை நடத்தும் இயக்குநர் குழு, இக்குழுவின் யோசனையைக் கருத்திற்கொண்டே தீர வேண்டும் என்பது சட்டம். ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை, அவரைப் பல ஆண்டுகள் அறிந்த வைத்தியரின் வாக்கை விட்டுவிட்டு, முன்பின் அறியாத ஒரு மதிப்பீட்டாளர் சில மணி நேரத்தில் வினாப்பட்டியலைக் கொண்டு கணிப்பார் என்ற மாறுதலைப் புகுத்த 2020ஆம் ஆண்டுவாக்கில் அங்கத்திய சர்க்கார் முனைந்தது. பொக்கிஷத்தின் கண்கொண்டு பார்த்தால் அது சுலபமான உபாயந்தான். மாற்றுத்திறனாளிகள் கொதித்தெழுந்தனர், அபிப்பிராயம் கேட்கப்பட்ட ஆலோசனைக் குழுவும், உத்தேசித்த வடிவில் இதை நடத்தவேண்டாம் என்று எழுத்தில் சொல்லியது. 2021 ஜூலை 9 அன்று கூடிய மத்திய, மாகாண அமைச்சர்களின் கூட்டத்தோடு அந்த மதிப்பீட்டு முறை கைவிடப்பட்டது.

ஆலோசனைக் குழு ஒன்றே இதைச் சாதித்தது என்று நாம் சொல்ல வரவில்லை. வீதியில் எழுந்த குரலுக்கு அரண்மனைக்குள்ளே ஒரு வாசல் இருந்தது என்பதே இதில் கற்க வேண்டியது. அங்கேயும் எல்லாம் சுபமாக இருக்கிறது என்று எண்ணவேண்டாம்: 2024 ஆகஸ்டில் அத்திட்டத்தின் சட்டம் திருத்தப்பட்டபோது, தங்களுடைய ஐயங்கள் தீர்க்கப்படாமலே அவசரப்படுகிறார்கள் என்று பல சங்கங்கள் குறைப்பட்டுக்கொண்டன.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கம், தொற்றுநோயின் பிடியில் தேசம் சிக்கியிருந்த காலம். மாற்றுத்திறனாளியை அவமதிப்பது முதலிய சில குற்றங்களின் கடுமையைத் தளர்த்தி, பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள இடந்தரும் வகையில் சட்டத்தைத் திருத்தும் ஓர் உத்தேசத்தைத் துறை வெளியிட்டு, அதன்மேல் அபிப்பிராயம் கூறப் 10 நாள் அவகாசம் தந்தது. வீட்டை விட்டு வெளியே வர முடியாத, உதவியாளர் அருகே இல்லாத மக்களுக்கு 10 நாள்! நாடெங்கும் சங்கங்கள் ஆட்சேபித்தன. உத்தேசம் அந்தப் 10 நாளுக்குள்ளாகவே வாபஸ் பெறப்பட்டது. முடிவு நல்லதே. ஆயினும், சட்டங்களைப் பற்றி யோசனை கூறவென்றே ஒரு வாரியத்தைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு, அந்த யோசனையைக் கூக்குரலின் வாயிலாகப் பெற வேண்டிய நிலைக்கு ஒரு சர்க்கார் வருமானால், வாரியம் எதற்கு என்ற கேள்வி எழாமல் போகாது. பெயர் சூட்டுவதிலும் இதே கதைதான். கடவுளின் அங்கம் பெற்றவர் என்று பொருள்படும் 'திவ்யாங்' என்ற பெயரை 2015இல் பிரதமர் சூட்ட, பெயர் வேண்டாம், உரிமை போதும் என்று பல சங்கங்கள் அப்போதே சொல்லின. துறையின் பெயரே பின்பு அப்படி மாறிவிட்டது. (நம் தமிழில் வழங்கும் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லும் முதலமைச்சராக இருந்த கருணாநிதி அளித்ததுதான்; அது நிலைத்துவிட்டது என்பது வேறு விஷயம்.)

கலந்தாலோசியாமையின் விலை எவ்வளவு என்பதற்குச் சாய்தளத்தைக் காட்டிலும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஓரடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கட்டட சாஸ்திரத்தின் நியதி. நமது பொதுக் கட்டடங்கள் எத்தனையோவற்றில், படிக்கட்டின் ஓரத்தில் சிமெண்டைச் சரித்துப் பூசி, அதற்கு ஒரு கைப்பிடியும் இல்லாமல், மேலே நீல நிறப் பலகையை மட்டும் செம்மையாக மாட்டியிருப்பதைக் காண்கிறோம். சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் அதில் தனியே ஏற முயன்றால் பின்புறமாகக் கவிழ்வார். கட்டியவர் கெட்டவர் அல்லர். சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒருவரை, பூசுவதற்கு முன் அழைத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்தச் சிமெண்டுப் பூச்சின் கதை சட்ட மட்டத்திலும் நடந்தது. அணுகல் தரங்கள் கட்டாயம் என்று சட்டம் சொல்ல, அச்சட்டத்தின்கீழ் 2017இல் துறை வகுத்த விதிகளில் 15ஆவது விதி அவற்றை வெறும் சிபாரிசாக நீர்த்துப்போகச் செய்தது. ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று சுப்ரீம் கோர்ட் அவ்விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயமான தரங்களைப் பிரித்து வகுக்க 3 மாதத் தவணை கொடுத்தது. இடையில் கழிந்த 7 ஆண்டுகளில் எழும்பிய கட்டடங்களை இனி யார் இடித்துக் கட்டுவார்கள்? இதே வழக்கில் 2017 டிசம்பரில் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளில் ஒன்று, மாநில ஆலோசனை வாரியங்களை இதுவரை அமைக்காத மாநிலங்கள் 3 மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்பது. யோசனை கேட்பதற்கே நீதிமன்றத்தின் ஆக்ஞை வேண்டியிருந்தது.

பென்ஷன் விஷயம் இன்னும் கசப்பானது. சட்டத்தின் சலுகைகளுக்குரிய ஊன அளவு 40 சதவீதம். மத்திய சர்க்காரின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கோ வறுமைக் கோட்டின் கீழிருப்பதோடு 80 சதவீத ஊனமும் வேண்டும். 2012இல் மாதம் 300 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்த மத்தியப் பங்கு, ஒரு கிலோ அரிசியின் விலை எங்கேயோ போய்விட்ட பின்னும் பல்லாண்டு அசையவில்லை. திட்டங்களின் பலனை மதிப்பிடுவது வாரியத்தின் கடமை என்றால், அது மதிப்பிட வேண்டிய முதல் காகிதம் இதுவாகத்தான் இருக்க முடியும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிப்பது முறையன்று. ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சர்க்கார், நியமனம் பெற்ற சிலருடைய சொல்லுக்குக் கட்டுப்படலாமா என்பார்கள். கட்டுப்பட வேண்டாம், ஏன் ஏற்கவில்லை என்று எழுதட்டும் என்றே கேட்கிறோம், காரணம் எழுதுவதால் எந்த சர்க்காரின் இறைமையும் குறைந்துபோனதில்லை. 21 வகை ஊனங்களுக்கு 10 நாற்காலி எப்படிப் போதும் என்பது இரண்டாவது கேள்வி. இது மெய்யாகவே கடினமானது. பார்வையற்றவருக்குச் செவித்திறன் இழந்தவரின் இடர் விளங்கிவிடும் என்பதற்கில்லை. அறிவுசார் குறைபாடுள்ள இளைஞரின் இடத்தில் அவருடைய தாயாரோ தொண்டு நிறுவனத்தாரோ பேசுவது எப்போதும் அவருடைய பேச்சாகிவிடாது. ஆஸ்திரேலியக் குழு அத்தகையோருக்கென்று ஓர் உபகுழுவையே வைத்திருக்கிறது. நமது சட்டமோ, சித்த சுவாதீனமற்றவர் என்று நீதிமன்றத்தால் தீர்மானிக்கப்பட்டவர் வாரியத்தில் உறுப்பினராக முடியாது என்கிறது. மனநோயை 21 ஊனங்களுள் ஒன்றாகச் சேர்த்த கையே இந்த வாக்கியத்தையும் எழுதியது.

நியமனம் பெறுவோர் நியமித்தவரின் மனம் கோணாமல் நடப்பார்கள் என்ற சந்தேகமும் வீண் சந்தேகமன்று. அதற்குப் பரிகாரம் நியமனத்தைக் கைவிடுவதன்று. குறிப்புகளை அச்சிட்டு வெளியிடுவது. யார் பேசினார், யார் பேசாமலிருந்தார் என்பதை அவருடைய சங்கத்தார் படிக்கும்படி செய்துவிட்டால், பேசாதவருக்கு அடுத்த 3 ஆண்டுப் பதவிக்காலம் அவ்வளவு சௌகரியமாக இராது.

பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் தமிழ்நாட்டுக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாநில ஆலோசனை வாரியம் எவ்வாறு கூடி எவ்வாறு காரியம் நடத்த வேண்டும் என்பதற்கு விதி வகுக்கும் அதிகாரத்தை இதே சட்டம் மாநில சர்க்காருக்குக் கொடுத்திருக்கிறது. கூட்டம் முடிந்த 30 நாளில் குறிப்புகள் தமிழிலும், பிரெய்லியிலும், சைகைமொழிக் காணொளியாகவும் வெளிவர வேண்டும்; வாரியத்தின் ஒவ்வொரு யோசனைக்கும் சம்பந்தப்பட்ட துறை 3 மாதத்துக்குள் எழுதிய மறுமொழி அடுத்த கூட்டத்தில் மேஜைமேல் வைக்கப்பட வேண்டும் என்று இரண்டு விதிகளைச் சேர்க்க ஓர் அரசிதழ் அறிவிப்பு போதும். 2025 ஏப்ரலில் நமது சட்டப்பேரவை, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர், நகர்ப்புற மன்றங்களில் 650 பேர் என்பது சர்க்கார் சொன்ன கணக்கு. 'இயன்றவரை' என்ற சொல் அவர்களுடைய நியமனத்தில் இல்லை. அவர்கள் தத்தம் ஊராட்சியில் சொல்லும் சொல் மாவட்டக் குழு வழியே மாநில வாரியத்துக்கு ஏறிவர ஒரு வழியும், அங்கிருந்து மறுமொழி இறங்கிவர ஒரு தவணையும் அந்த விதிகளிலேயே எழுதப்படலாம். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் 6 மாதம் ஆகாது. விதிகளை எழுத அந்த அவகாசம் தாராளம்.