அடிமைகள் அளித்த செல்வம்

அமெரிக்க ஸங்கீதம் என்றதும், "அதுவும் ஒரு ஸங்கீதமா? வெறும் கூச்சலும் குதிப்புந்தானே!" என்று நம்மில் பலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தீர்ப்புக் கூறுமுன் அதன் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரிப்பது நியாயமல்லவா?

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய் விற்கப்பட்ட மக்களுக்கு உடைமை என்று ஒன்றுமில்லை. பிறந்த ஊர், தாய்மொழி, சொந்தப் பெயர் யாவும் பறிபோயின. 1739-ம் வருஷம் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு வருஷமே அவர்கள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடுத்துவிட்டது. முரசைப் பறிக்கலாம், கைத்தாளத்தை எந்தச் சட்டம் பறிக்கும்? வயலில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடினார்கள். பைபிளிலே எகிப்தின் அடிமைத் தளையிலிருந்து யூதர்கள் மீண்ட கதை அவர்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது. வெளிக்கு அது பக்திப் பாட்டு. உள்ளே இருந்தது விடுதலைத் தாகம்.

1865-ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. மறு ஆண்டு, விடுதலை பெற்றோரின் கல்விக்காக நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் கலாசாலை தோன்றியது. ஐந்தே ஆண்டுகளில் அதன் கஜானா வறண்டு போயிற்று. பொக்கிஷதாரரான ஜார்ஜ் வைட் என்பவர் 1871-ல் ஒன்பது மாணவ மாணவிகளை அழைத்துக்கொண்டு, பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். தங்கள் பெற்றோரின் துயரப் பாட்டுக்களை அந்நியர் முன் பாட முதலில் அவர்களுக்குக் கூச்சமாகவே இருந்தது. ஆனால் சபையை உருக்கியவை அந்தப் பாட்டுக்களே. 1873-ல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியாரும் அவற்றைக் கேட்டார். பாடிச் சேர்த்த பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் நிற்கிறது.

1892-ல் நியூயார்க் வந்த பொஹீமிய ஸங்கீத மேதை ட்வோர்ஷாக், ஹாரி பர்லே என்ற கறுப்பு மாணவர் பாடக் கேட்டு மெய்ம்மறந்தார். அமெரிக்காவின் எதிர்கால ஸங்கீதத்துக்கு இப்பாட்டுக்களே அஸ்திவாரம் என்று மறு ஆண்டு பத்திரிகையில் பகிரங்கமாக அறிவித்தார். அவர் வாக்கு வேறு விதமாகப் பலித்தது. கறுப்பு மக்களிடையே ப்ளூஸ் வளர்ந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் பிறந்தது. ஆயினும் 1917-ல் முதல் ஜாஸ் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தபோது, அதில் வாசித்தவர்கள் வெள்ளையர்கள்! செல்வம் ஒருவருடையது, அறுவடை மற்றவருடையது.

1939-ல் கூட, மேரியன் அண்டர்ஸன் என்ற ஒப்பற்ற பாடகிக்கு, நிறம் காரணமாக வாஷிங்டனில் ஒரு பெரிய மண்டபத்தின் கதவு திறக்கவில்லை. அந்த அம்மையார் லிங்கன் ஞாபகச் சின்னத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில், சுமார் 75,000 ஜனங்களுக்கு முன் பாடினார். பூட்டிய மண்டபத்தில் அத்தனை பேருக்கு இடமேது?

இந்தப் பாட்டுக்களின் பொருளை நம் நாட்டில் ஒருவர் நன்கு அறிந்திருந்தார். 1936-ல் ஹவர்ட் தர்மன் என்ற கறுப்புப் பாதிரியாரும் அவர் மனைவியும் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்தார்கள். விடைபெறுமுன், ஏசுநாதர் சிலுவையில் அறையுண்டதைப் பற்றிய அடிமைகளின் பாட்டொன்றைப் பாடும்படி மகாத்மாவே விரும்பிக் கேட்டார்.

அடுத்த முறை அமெரிக்கப் பாட்டொன்று காதில் விழும்போது, முகத்தைச் சுளிக்காமல் சிறிது நேரம் கேட்போம். அடியில் முரசில்லாத கைத்தாளம் ஒலிக்கிறதா என்று பார்ப்போம்.