பயனற்ற பையா?

பறவையின் வாலடியில் சிறு பை. “இது எதற்கு?” கேட்டார் மாணவர். தெரியவில்லை பேராசிரியருக்கு, கண்டறியும் வேலையை மாணவரிடமே விட்டார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்பிய அந்த ஆசானுக்கு முதல் வணக்கம் நமது!

அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகம், 1950-களின் தொடக்கம். மாணவர் புரூஸ் கிளிக், டாக்டர் பட்டத்துக்கு உழைத்தவர். இத்தாலியர் ஃபெப்ரீசியஸ் விவரித்த பை அது. முந்நூறு ஆண்டாகியும் அதன் பயன் அறிந்தாரில்லை. கோழிக்குஞ்சுகளின் பையை அறுத்தெடுத்தார் கிளிக். வளர்ந்த கோழிகள் சிலவற்றை வகுப்பில் பாடம் காட்ட வாங்கிப்போனார் சக மாணவர் திமோதி சாங். சால்மோனெல்லா கிருமியின் கூறைச் செலுத்தினார். இரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் தோன்றவேண்டும், தோன்றவில்லை! பாடம் கெட்டது, உண்மை பிறந்தது.

ஏற்க மறுத்தது பெரிய ஏடு. கோழி வளர்ப்பு ஏடுதான் இடம் தந்தது, 1956-இல். இன்று மருத்துவர்கள் ‘பி அணுக்கள்’ என்கிறார்களே, எதிர்ப்புப்பொருள் ஆக்கும் அணுக்கள், அந்தப் ‘பி’ யாருடையது? ‘பர்சா’ எனும் இந்தப் பையினுடையது!

“கோழியின் பின்புறத்தை ஆராயப் பணமா?” என்று எள்ளுவோர் இங்கும் உளர். நாமக்கல் சென்று கேட்கட்டும், கம்போரோ நோய் என்னவென்று! இதே பையைத் தாக்கிக் குஞ்சின் எதிர்ப்புச் சக்தியையே பறிக்கும் நோய். தடுப்பு மருந்தின் அருமை பண்ணைக்காரருக்குத் தெரியும்.

ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை பிச்சையல்ல. மாதம் தவறாது வரவேண்டும் என்கிறோம். “என்ன பயன்?” என்று வாசலிலேயே மடக்கக்கூடாது என்கிறோம். கிளிக்குக்கே அது தெரியாதே, கோழிகள் காட்டிக்கொடுக்கும் வரையில்!