தோற்கும் மாநிலத்திலும் நிற்க வேண்டும்

வெல்ல முடியாத மாநிலத்தில் கட்சி எதற்காகப் பணம் செலவழிக்க வேண்டும்? அமெரிக்காவில் ஒவ்வொரு தேர்தலின்போதும் இந்தக் கேள்வி எழுகிறது. 48 மாநிலங்களில், முதலிடம் பெறுபவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அத்தனையும் போகின்றன. அதனால் 2024-லும் அதிபர் வேட்பாளர்கள் பெரும்பாலும் ஏழு மாநிலங்களையே சுற்றி வந்தார்கள். ஜார்ஜியாவில் வாழும் வாக்காளராகச் சொல்கிறேன்: மற்ற மாநிலங்களைக் கைவிடுவது தவறு.

எதிர்வாதத்துக்கு நிக்சனை இழுப்பார்கள். 1960 அதிபர் தேர்தலில் ஐம்பது மாநிலங்களுக்கும் வருவேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அதைக் காப்பாற்ற, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு அலாஸ்காவுக்குப் பறந்தார். இல்லினாயில் 9,000-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். ஆனால் இல்லினாய் கிடைத்திருந்தாலும் கென்னடிதான் அதிபராகியிருப்பார். தவிர, வேட்பாளர் கடைசி ஞாயிற்றுக்கிழமையை எங்கே கழிப்பது என்பது வேறு. கட்சிக்கு ஓர் ஊரில் ஆள் இருக்கிறாரா என்பது வேறு.

இரண்டாவதைத்தான் ஹோவர்ட் டீன் செய்தார். 2005-ல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானதும், மிசிசிப்பி, யூட்டா உட்பட எல்லா மாநிலங்களிலும் கட்சிச் செலவில் ஊழியர்களை அமர்த்தினார். மாநிலத்துக்கு மூன்று நான்கு பேர், அவ்வளவுதான். பிரதிநிதிகள் அவைத் தேர்தல் பொறுப்பில் இருந்த ராம் இமானுவேல், அந்தப் பணத்தை வெல்லக்கூடிய தொகுதிகளுக்குக் கொடுங்கள் என்று அவரோடு மல்லுக்கு நின்றார். 2006-ல் கட்சி இரு அவைகளையும் பிடித்தது. 2008 அதிபர் தேர்தலில், 1964-க்குப் பிறகு முதல் முறையாக இண்டியானாவும் வர்ஜீனியாவும் அந்தப் பக்கம் வந்தன. ஈராக் போரும் பொருளாதாரச் சரிவும் பெரிய காரணங்கள்தான். ஆனாலும் காற்று திரும்பும்போது களத்தில் ஆள் வேண்டுமே!

எங்கள் க்வினெட் கவுண்டியில் 1976-ல் கார்ட்டர் வென்ற பிறகு நாற்பது ஆண்டுகள் எந்த ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரும் முதலிடம் பெறவில்லை. 2012-ல் நான் வாக்களித்தபோது, பல பதவிகளுக்கு இயந்திரத் திரையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. குடியுரிமைக்கு அவ்வளவு ஆண்டுகள் காத்திருந்து, தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லாமல் திரும்புவது வேதனை. 2018-ல்தான் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு கட்சித் தொண்டர் வந்தார். சேலையில் நின்ற என் மாமியாரிடம், பட்டியலில் பெயர் பதிவாகிவிட்டதா என்று பொறுமையாகக் கேட்டார். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ் ஆளுநர் தேர்தலில் சுமார் 55,000 வாக்குகளில் தோற்றார். எங்கள் பகுதியின் 7-வது பிரதிநிதிகள் அவைத் தொகுதியில் அதே கட்சியின் கேரொலின் போர்டோ 500-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். அதோடு யாரும் மூட்டை கட்டவில்லை. 2020-ல் போர்டோ வென்றார். பைடன் 11,779 வாக்குகளில் மாநிலத்தைப் பிடித்தார். 2021 ஜனவரி 5 அன்று நடந்த செனட் தேர்தலின் இரண்டாம் சுற்றில் அக்கட்சியின் வார்னாக்கும் ஆஸாஃபும் வென்றதால் செனட் சபை 50-50 ஆனது.

2024-ல் ஜார்ஜியா டிரம்ப்பிடம் திரும்பியது. ஆனால் இப்போது இரண்டு கட்சிக்காரர்களும் எங்களைத் தேடி வருகிறார்கள். நான் கேட்பதும் அதுதான்.

பணம் வீணாகும் என்ற அச்சம் பொய்யல்ல. 2020 செனட் தேர்தலில் கென்டக்கியில் குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானலை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் ஏமி மெக்ராத் 9 கோடி டாலருக்கு மேல் திரட்டி, ஏறக்குறைய 20 சதவீதப் புள்ளிகளில் தோற்றார். ஒரே போட்டியில் கொட்டிய அந்தப் பணம் எத்தனை சிற்றூர்க் கிளைகளுக்குச் சம்பளம் ஆகியிருக்கும்!

குடியரசுக் கட்சிக்கும் இதையே சொல்வேன். 2020-ல் டிரம்ப்புக்கு மிக அதிக வாக்குகள் விழுந்த மாநிலம் டெக்சாஸ் அல்ல, கலிஃபோர்னியா. 60 லட்சத்துக்கும் மேல். 2018-ல் அங்கே இழந்த பிரதிநிதிகள் அவை இடங்களில் நான்கை அதே ஆண்டில் அந்தக் கட்சி மீட்டது. அந்த வாக்காளர்களைக் கணக்கிலிருந்து நீக்க எந்தத் தலைமைக்கும் உரிமை கிடையாது. இரண்டு கட்சித் தலைமைகளும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வேட்பாளரையாவது நிறுத்தட்டும். தேர்தல் முடிந்த பிறகும் அங்கே ஓர் ஊழியரை விட்டுவைக்கட்டும்.