தோட்டத்து இரத்தப் பரிசோதனை: எண்ணிக்கை மட்டும் போதாது

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண் இரத்தப் பரிசோதனைக்காக டவுனுக்கு வந்தால் அன்றைய பேர் போய்விடும். பஸ் காசு தனி. அதனால்தான் பலர் களைப்போடும் தலைச்சுற்றோடும் மலையேறிக்கொண்டே இருக்கிறார்கள்.

குறைந்த செலவில் கமரா மூலம் இரத்தக் கலங்களை எண்ணும் தொழில்நுட்பத்தை இந்தக் காரணத்துக்காகவே நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

பெரிய வைத்தியசாலைகளின் இயந்திரங்கள் பல, அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற முறையில் இயங்குபவை. நுண்துளையொன்றைக் கலங்கள் கடக்கும்போது மின்தடை மாறுவதை வைத்து எண்ணும். விலை அதிகம், இரசாயனத் திரவங்களும் தொடர்ந்து வேண்டும். படமுறையில், சாயமேற்றிய இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் படமெடுத்தால், ஊதாநிறக் கருவுள்ள வெண்குழியங்களையும் கருவற்ற செங்குழியங்களையும் கணினியே பிரித்து எண்ணும். பெங்களூரில் 2015இல் தொடங்கிய சிக்டப்பிள் நிறுவனம் இத்துறையில் இயங்குகிறது.

நிபந்தனை இதுதான். தோட்டப் பெண்களின் நெடுநாள் பிரச்சினை இரும்புச்சத்துக் குறைபாடு. அதில் செங்குழியங்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாமலே இருக்கலாம். அவை சிறுத்து வெளிறிப்போகும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கருவி, இரத்தசோகை உள்ளவரிடமே "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடும். எனவே கலத்தின் அளவையும் நிறத்தையும் அது பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் பரிசோதனையும் கூடவே நடக்க வேண்டும்.

அதிலும் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரமான இடத்தில் ஒட்சிசன் குறைவு என்பதால் உடல் கூடுதல் ஹீமோகுளோபினை உருவாக்கும். அதற்கேற்ப அளவைக் கழித்துப் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராம் என்பது கொழும்பில் சரி. நுவரெலியாவில் அதே 12 இரத்தசோகையாகும்.

2017 மே மாதம் டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில்களுடன் வைத்தியசாலை திறக்கப்பட்டது. நல்ல விடயம். இனி பரிசோதனை தோட்ட டிஸ்பென்சரி வரை செல்ல வேண்டும். சுகாதார அமைச்சு சில தோட்டங்களில் இதை முதலில் பரீட்சித்து, அதே மாதிரிகளை வைத்தியசாலை ஆய்வுகூடத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். குறைபாடு தெரிந்தவருக்கு இரும்புச்சத்து மாத்திரை அன்றே கிடைக்கட்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. மலையக நகரங்களில் நம்மவர் கடைகளின் கல்லா அந்த மக்களின் சம்பளத்தால்தான் நிறைகிறது. இரத்ததான முகாம் நடத்தும் நம் பள்ளிவாசல் இளைஞர்கள், அடுத்த முறை தோட்ட வைத்திய உதவியாளரோடு பேசி, லயங்களுக்கு அருகிலேயே ஒரு பரிசோதனை முகாமையும் நடத்தலாமே.