பயிற்சியாளர் யார் என்பது மட்டுமா கேள்வி?

இந்தியக் கால்பந்து அணிக்கு யார் பயிற்சியாளராக வரவேண்டும்? 2024 ஜூன் மாதத்தில் கிளம்பிய வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. விழுப்புரம் ஜங்ஷனுக்கு வெளியே உள்ள டீக்கடையானாலும் சரி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டானாலும் சரி, பந்தாட்டப் பைத்தியங்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இதே பேச்சுதான். “வெள்ளைக்காரன் வந்தால்தான் நம் அணி உருப்படும்” என்கிறார் ஒருவர். “நம் நாட்டுக்காரனுக்கு மூளை இல்லையா? அவன் கையில் கொடுத்துப் பார்” என்கிறார் மற்றவர்.

பேசட்டும், நல்லதுதான். “கூலிக்காரனுக்குப் பந்தாட்டத்தைப் பற்றி என்ன பேச்சு?” என்று முகம் சுளிக்கும் பெரிய மனிதர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரே ஒரு பதில் போதும். 1883 மார்ச் 31ந் தேதி லண்டனில் இங்கிலாந்துக் கோப்பையின் இறுதிப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் ஈட்டன் பள்ளியில் படித்த சீமான்கள். மறு பக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி. அதில் ஆடியவர்களில் நெசவாளி உண்டு, நூல் நூற்பவர் உண்டு, இரும்புப் பட்டறைத் தொழிலாளி உண்டு, குழாய் வேலைக்காரர் உண்டு. 2-1 என்று தொழிலாளிகள் ஜெயித்தார்கள். ஹண்டர் என்ற ஆட்டக்காரர் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போட்டிக்கு முன்னால் கடற்கரை ஊருக்கு அழைத்துப் போய்ப் பழக்கினார். சீமான்களிடமிருந்து இந்த ஆட்டத்தைத் தட்டிப் பறித்தவன் ஆலைத் தொழிலாளி. ஆகவே இதைப் பற்றிப் பேச அவனுக்குப் பூரண உரிமை உண்டு.

ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கவேண்டாமா?

நடந்தது என்ன?

குரோஷியா நாட்டு ஸ்டிமாக் 2019ல் வந்தார். தெற்காசியக் கோப்பையை 2021லும் 2023லும் அவர் அணி வென்றது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்குப் போன அதே அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு கோல்கூடப் போடவில்லை. ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் வெளியேறியது. ஆளை நீக்கினார்கள். ஒப்பந்தம் மீதி இருந்ததால் பெருந்தொகை கொடுத்துக் கணக்குத் தீர்க்க வேண்டியதாயிற்று. யாரை ஆட்டத்தில் இறக்குவது என்பதற்கு ஜோதிடரிடம் யோசனை கேட்கப்பட்ட கதையும் 2023ல் பத்திரிகைகளில் வந்து நாறியது. விஞ்ஞானப் பயிற்சி என்று சொல்லி வெளிநாட்டிலிருந்து ஆளை வரவழைத்தார்கள், கடைசியில் ராசிக்கட்டம்!

பிறகு ஸ்பெயின் நாட்டு மனோலோ மார்க்வெஸ் வந்தார். அவர் கோவா கிளப்பின் பயிற்சியாளராகவும் இருந்துகொண்டே தேசிய அணியையும் பார்த்தார். எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2025 ஜூன் 10ல் ஹாங்காங்கிடம் கடைசி நேரப் பெனால்டியில் 0-1 என்று தோற்றது அணி. ஜூலையில் அவரும் போனார்.

மறுபடி விளம்பரம். 170 விண்ணப்பங்கள் வந்தன. ஸ்பெயினின் பேர்பெற்ற ஆட்டக்காரர் ஸாவியின் பெயரிலும் விண்ணப்பம் வந்ததாகச் செய்தி பரவியது. அவ்வளவு பெரிய ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நம்மால் முடியாது என்று ஒதுக்கிவிட்டதாகவும் சொன்னார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். அப்புறம் சம்மேளனமே அறிவித்தது: ஸாவியின் கடிதமும் போலி, கார்டியோலாவின் கடிதமும் போலி! யாரோ விளையாடிய விளையாட்டு. இல்லாத மாப்பிள்ளைக்குச் சீர் பேசிய கதை இதுதான்.

முடிவில் ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் கமிட்டி மூன்று பேரைப் பொறுக்கியது: கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் தார்கோவிச், நம் நாட்டு காலித் ஜமீல். 2025 ஆகஸ்ட் 1ல் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். 2012ல் சாவியோ மெதெய்ரா போன பிறகு பதவிக்கு வந்த முதல் இந்தியர் இவர்.

ஜமீல் சாமானியரல்ல. மிஜோரமின் ஐஸ்வால் என்ற சிறு கிளப்பை வைத்துக்கொண்டு, பணமூட்டை உள்ள கிளப்புகளையெல்லாம் முந்தி, 2017ல் ஐ-லீக் பட்டத்தை வென்றவர். வந்த கையோடு மத்திய ஆசியப் போட்டியில் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே வென்றார். ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்தார். “பார்த்தாயா, நம் ஆள்!” என்று ஒரு கோஷ்டி மார்தட்டியது. அக்டோபர் 14ல் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பே கைநழுவியது. நவம்பர் 18ல் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோல்வி. “பார்த்தாயா, நான் சொல்லவில்லையா?” என்று மற்றக் கோஷ்டி எழுந்தது.

இப்படியே எத்தனை காலம்? ஆலையில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. பஞ்சு மட்டம், இயந்திரம் பழசு. நிர்வாகம் என்ன செய்கிறது? மேஸ்திரியை மாற்றுகிறது! அடுத்த வாரமும் நூல் அறுகிறது. மறுபடி மேஸ்திரியை மாற்றுகிறது. நம் கால்பந்தின் கதை இதற்கு எந்த விதத்தில் வேறு?

ரஹீம் சொல்லும் பாடம்

ஹைதராபாத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். சையத் அப்துல் ரஹீம் என்று பெயர். அவர் பயிற்சியில்தான் இந்தியா 1951ல் டில்லியிலும் 1962ல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்து அரை இறுதிக்குப் போய், நான்காம் இடம் பெற்றது. ஜகார்த்தா இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 2-1 என்று வென்றபோது ரஹீமைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. 1963 ஜூனில் காலமானார்.

“ஆகவே இந்தியப் பயிற்சியாளர்தான் வேண்டும்” என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ரஹீம் கதையில் பலர் மறந்துவிடும் ஒரு பக்கம் இருக்கிறது. 1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் நம் அணி எப்படித் தோற்றது தெரியுமா? 1-10! அன்றைய பயிற்சியாளரும் இதே ரஹீம்தான். இன்றைய வழக்கப்படி பார்த்தால் மறுநாளே அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அன்று என்ன செய்தார்கள்? தோல்விக்குக் காரணம் தேடினார்கள். குளிர்ந்த ஈர மைதானத்தில் நம் ஆட்களில் பலர் வெறுங்காலோடு ஆடியிருந்தார்கள். பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. நான்கு வருஷம் கழித்து மெல்போர்னுக்கு அதே ரஹீமிடம்தான் அணியை ஒப்படைத்தார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜகார்த்தாவில் ஆடிய துளசிதாஸ் பலராம், சிகந்தராபாத் பக்கத்தில் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பயிற்சிக்கு வந்து போகக் காசில்லை. ரஹீம் வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்து அந்தப் பையனை வரவழைத்தார். கமிட்டித் தலைவர் விஜயனும் சின்ன வயதில் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றவர்தான். திறமை மாளிகையில் மட்டும் பிறப்பதில்லை. ஆனால் சைக்கிள் வாடகை இல்லாமல் வீட்டிலேயே நின்றுபோன பலராம்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்தச் சம்மேளனத்திலும் இல்லை.

உள்நாடா, வெளிநாடா?

2025 ஜூனில் உஸ்பெகிஸ்தான் முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஸ்லோவேனியாக்காரர் ஒருவர் பாதி வழி கொண்டுவந்தார்; உடல் நலம் கெட்டு அவர் விலகியதும் உள்நாட்டு கபாட்ஸே மீதி வழி கொண்டுபோனார். ஜோர்டானும் அப்போதுதான் முதல் முறையாகத் தகுதி பெற்றது; அதன் பயிற்சியாளர் மொராக்கோக்காரர். சுமார் 5 லட்சம் ஜனங்களே உள்ள கேப் வெர்டே அதே வருஷம் அக்டோபரில் தகுதி பெற்றது. அதன் பயிற்சியாளர் அந்த நாட்டவரே. ஆக, உள்ளூர் ஆளாலும் முடிந்தது, வெளியூர் ஆளாலும் முடிந்தது. உஸ்பெகிஸ்தானின் 20 வயதுக்குட்பட்டோர் அணி 2023ல் ஆசியச் சாம்பியன். 17 வயதுக்குட்பட்டோர் அணி 2025ல் ஆசியச் சாம்பியன். நாற்றங்காலில் நாற்று இருந்தது, நடவு நடந்தது.

நம்மிடம் வந்த வெளிநாட்டவர் எல்லோரும் உதவாக்கரைகள் என்றும் சொல்ல முடியாது. கான்ஸ்டன்டைன் வந்த 2015ம் வருஷம் உலகத் தரவரிசையில் 173 வரை இறங்கியிருந்த இந்தியா, 2017ல் 96க்கு ஏறியது. ஆனால் 2025 ஜூலையில் 133க்கு இறங்கிவிட்டது. ஏறியது ஒரு மனிதரால், இறங்கியது இன்னொரு மனிதரால் என்றால் நாட்டில் அமைப்பு என்று ஒன்று இல்லை என்றுதானே அர்த்தம்?

சட்டியில் என்ன இருக்கிறது?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. கோல் போட வேறு ஆள் இல்லை! ஏன் இல்லை? பெரிய லீக்கில் கோல் போடும் இடத்தில் கிளப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களையே நிறுத்துகின்றன. நம் பையன் எங்கே நின்று பழகுவான்?

அந்த லீக்காவது ஒழுங்காக நடந்ததா? 2010ல் கால்பந்தின் வியாபார உரிமை முழுவதையும் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரு தனியார் கூட்டுக் கம்பெனியிடம் சம்மேளனம் ஒப்படைத்தது. ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. அடுத்து என்ன என்று முன்கூட்டியே யாரும் தீர்மானிக்கவில்லை. 2025 ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் கிளப்பும் நம் சென்னையின் கிளப்பும் ஆட்டக்காரர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் சம்பளத்தை நிறுத்தின. டெண்டர் விட்டார்கள், ஒருவரும் வரவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போய், கடைசியில் 2026 பிப்ரவரி 14ல் குறுகிய லீக் ஒன்று தொடங்கியது.

கதவடைப்பு என்றால் என்ன என்று ஆலைத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சம்பளம் நின்றவன், போட்டி இல்லாதவன், அடுத்த மாதம் எங்கே ஆடுவோம் என்று தெரியாதவன் சிங்கப்பூருக்கு எதிராக இறங்குகிறான். அவனுக்குப் பின்னால் ரஹீமே உயிரோடு எழுந்து வந்து நின்றாலும் என்ன செய்ய முடியும்?

பக்கத்து ஊரைப் பாருங்கள்

ஆண்கள் அணியின் பயிற்சியாளர் யார் என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே 2025 ஜூலை 5ந் தேதி, பெண்கள் அணி தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று தோற்கடித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் போட்டது. அப்போதைய பயிற்சியாளர் இந்தியரான கிறிஸ்பின் சேத்ரி. எத்தனை டீக்கடையில் இது பேச்சாயிற்று?

1993 வரை விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தக் கடலூரில், 2004 சுனாமிக்குப் பிறகு, பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் ஏழைப் பெண் பிள்ளைகளையும் சேர்த்து மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பந்து பழக்கினார். கடலூர் இந்துமதி இந்திய அணிக்கு ஆடினார். பண்ருட்டி சந்தியாவும் ஆடினார். 2018ல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசியப் பட்டம் வென்றார்கள். 2023ல் மறுபடியும் வென்றார்கள். ஸாவி வரவில்லை, கார்டியோலா வரவில்லை. ஒரு மைதானம், ஒரு விடுதி, வேளைக்குச் சோறு, தினமும் வந்து நிற்கும் ஒரு வாத்தியார். இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

நேரம் யார் கொடுப்பது?

ஆடுவதற்கு முதலில் நேரம் வேண்டும். இங்கிலாந்தில் 1850ல் வந்த ஆலைச் சட்டம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் வேலையை நிறுத்தச் சொன்னது. அந்தச் சனிக்கிழமை ஓய்வில்தான் ஆலை ஊர்களில் பந்தாட்டம் செழித்தது. இங்கே பக்கத்துப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30ல் 12 பஞ்சாலைத் தொழிலாளிகள் குண்டுக்கு இரையான பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தத்தைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பவே மே தினத்தன்று வாபஸ் அறிவித்தார்கள். 12 மணி நேரம் நின்று வேலை செய்கிறவன் மாலையில் எங்கே பந்து உதைப்பான்? கரும்பு வெட்டப் பெற்றோருடன் ஊர் ஊராகப் போகும் பிள்ளை எந்தப் பள்ளியில் ஆட்டம் கற்கும்?

ஆகவே ரசிகர்களே, பயிற்சியாளர் யார் என்று தாராளமாக வாதிடுங்கள். கூடவே இவற்றையும் கேளுங்கள்:

1. யார் வந்தாலும் ஒரு தோல்விக்காக விரட்டாமல் நான்கு வருஷ அவகாசம் வேண்டும். தேசிய அணிதான் அவருக்கு ஒரே வேலையாக இருக்க வேண்டும்.

2. அவரை எதற்காகத் தேர்ந்தெடுத்தோம், என்ன சம்பளம், என்ன இலக்கு என்பதைச் சம்மேளனம் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

3. லீக் வருஷந்தோறும் குறித்த தேதியில் நடக்க வேண்டும். ஆட்டக்காரன் சம்பளம் நிற்கக் கூடாது.

4. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஆக்கிரமிப்பில்லாத ஒரு மைதானம்; ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். அவருடைய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

5. பயிற்சிக்கு வரும் ஏழைப் பிள்ளைக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், பஸ் செலவும் ஒரு வேளை சத்துணவும்.

முதல் மூன்றும் டில்லியில் தீர வேண்டியவை. கடைசி இரண்டையும் நம் கிராம சபையிலேயே கேட்கலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, “எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் மைதானம் எது? சர்வே எண் என்ன?” என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.