ஊர் இருந்தது, உரிமை இருந்ததா?

தைப்பூசத்தன்று பத்துமலையில் முன்பின் அறியாதவர்களும் என் பாட்டியிடம் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா, நீங்க எந்தத் தோட்டம்?" என்பதுதான். எந்தத் தாமான், எந்த அடுக்குமாடி என்று யாரும் கேட்பதில்லை. வெளியேறி முப்பது ஆண்டுகள் கடந்தும் பாட்டிக்கு ஊர் என்றால் அந்தத் தோட்டம்தான்.

தோட்டத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் நாம் லயத்து வீட்டையும் திருவிழாவையும் எண்ணி ஏங்குகிறோம். அந்த ஏக்கம் பொய்யன்று. ஆனால், அது பாதி உண்மையே என்பது என் கருத்து.

பிரான்சு நாட்டைப் பாருங்கள். 1789 புரட்சியின்போது உருவான ஊராட்சி அமைப்பு இன்றும் அங்கு நிலைத்திருக்கிறது. ஏறக்குறைய 35,000 ஊராட்சிகள்! நூறு பேர்கூட இல்லாத சிற்றூருக்கும் மன்றம் உண்டு, மேயர் உண்டு.

நம் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, கள்ளுக்கடையும் இருந்தது. நிலம் மட்டும் நிறுவனத்துடையது. வேலை போனால் வீடும் போயிற்று. 1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோதும், பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் மரங்கள் சாய்ந்து வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோதும், விற்பதா வேண்டாமா என்று ஊராரை யார் கேட்டார்கள்? சட்டத்தின் கண்ணில் அது ஊரே அன்று!

மாற்றுவழி இல்லாமல் இல்லை. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பால் மரம் வெட்டியவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். ஏக்கம் அல்ல, உரிமைதான் ஊரைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தாமானுக்கு வந்துவிட்டதால் நமக்கு அந்த உரிமை கிடைத்துவிட்டதா? 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. இன்றும் பத்துமலை வட்டாரத்து மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

நண்பர்களே, அடுத்த தைப்பூசத்தில் உங்கள் தாத்தா பாட்டியிடம் தோட்டத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். எப்போது விற்றார்கள், யார் முடிவு செய்தார்கள், எத்தனை நாள் அவகாசம் தந்தார்கள் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் நினைவு மங்குவதற்குள் அதைச் செய்தாக வேண்டும். அவர்களை யாரும் கேட்கவில்லை, நாமாவது கேட்போம்.